மேடை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: முதலில் அளவு நாடாவை எடுங்கள்

ஒரு நாடகத்துக்கு செட், லைட், சவுண்டு எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுப்பு கைக்கு வந்ததும், பெரும்பாலானவர்கள் முதலில் யோசிப்பது எத்தனை விளக்கு வேண்டும், பின்னால் என்ன படுதா தொங்கவிடலாம் என்பதைத்தான். அதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். செட் அரங்கின் வாசலுக்குள் நுழையவில்லை, ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு நடிகர் தெரியவில்லை, விளக்கு விழுகிற இடம் ஒன்று ஆள் நிற்கிற இடம் வேறு என்று கடைசி நாளில் வெடிக்கிற சிக்கல்கள் எதுவும் ரசனைக் குறைவால் வருவதில்லை. அளக்காமல் விட்டதால் வருகின்றன. அதனால் இங்கே நான் சொல்லப்போவதெல்லாம் ஒரே ஒரு தாளைச் சுற்றித்தான் இருக்கும்: மேடையின் தரைப்படம். அதை ஒழுங்காக வரைந்துவிட்டால் செட், ஒளி, ஒலி மூன்றையும் அதன் மேலேயே வைத்துக் கற்றுக்கொள்ளலாம்.

பிரதியில் என்ன தேடுவது

பிரதியை முதல் தடவை கதைக்காகப் படியுங்கள், கையில் பென்சில் வேண்டாம். இரண்டாவது தடவை பென்சிலோடு உட்காருங்கள். யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், கதவு திறக்கிறதா, பகலா இரவா, என்ன சத்தம் கேட்கிறது, கையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போங்கள். வசனத்துக்குள் ஒளிந்திருப்பதையும் பிடிக்க வேண்டும். ‘மழை இன்னும் விடவில்லை’ என்று சொல்லிக்கொண்டே ஒருவர் உள்ளே வருகிறார் என்றால் அவர் தோள் நனைந்திருக்க வேண்டும், அந்த ஈரத்தில் அடுத்து வருகிறவர் வழுக்கி விழக் கூடாது, ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியிருக்க வேண்டும், கதவு திறக்கும்போது மழைச் சத்தம் கூடி மூடும்போது குறைய வேண்டும். ஒரு வரி, நான்கு பேருக்கு வேலை.

‘கடிதத்தைக் கிழிக்கிறாள்’ என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கடிதம் வேண்டும், ஒத்திகைக்குத் தனியாக வேண்டும், அப்புறம் அந்தத் துண்டுகளை அடுத்த காட்சிக்கு முன் யார் பொறுக்குவது, இருட்டிலா வெளிச்சத்திலா? இப்படிப்பட்ட கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போங்கள். அவரிடம் ‘செட் எப்படி இருக்க வேண்டும்’ என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தக் கட்டத்தில் அவருக்கே அது தெரிந்திருக்காது. ‘இந்த இடத்தில் பார்வையாளர் யாரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்’ என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்கும், அந்தப் பதிலிலிருந்து செட்டும் ஒளியும் கிளம்பும்.

அரங்கை அளப்பது

நீளமான டேப், இழுத்துப் பிடிக்க ஓர் ஆள், ஒரு நோட்டு. மேடையின் அகலம், ஆழம், தரையிலிருந்து விளக்குக் குழாய் வரை உயரம், பக்கவாட்டில் திரைக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது, பிளக் பாயின்ட் எங்கே, அவசர வழி எங்கே. இவற்றோடு வண்டியிலிருந்து மேடை வரைக்கும் வருகிற வழியில் இருக்கிற மிகச் சின்ன வாசலையும் அளந்துகொள்ளுங்கள், படிக்கட்டில் திருப்பம் இருந்தால் அதையும் சேர்த்து. உங்கள் செட்டின் மிகப் பெரிய துண்டு அந்த வாசலைவிடச் சின்னதாக இருந்தே ஆக வேண்டும்.

மேடை எந்த வகை என்பதும் இங்கேயே முடிவாகிவிடும். பார்வையாளர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும் படச்சட்ட மேடையில் பின்னணி முழுவதையும் ஓவியமாக நிரப்பலாம். மூன்று பக்கமும் ஆள் உட்கார்ந்தால் உயரமான பொருள் எதையும் முன்பகுதியில் வைக்க முடியாது. சுற்றிலும் உட்காரும் வட்ட அரங்கில் சுவரே கிடையாது, தரையும் நாற்காலியும்தான் செட்.

இன்னொன்று, மேடையின் இடம் வலம் என்பது எப்போதும் பார்வையாளரைப் பார்த்து நிற்கிற நடிகரின் இடம் வலம்தான். பின்பகுதியை மேல்மேடை என்றும் முன்பகுதியைக் கீழ்மேடை என்றும் சொல்வார்கள். பழைய ஐரோப்பிய அரங்குகளில் மேடை பின்னால் உயர்ந்து முன்னால் சரிந்திருந்ததிலிருந்து வந்த பேச்சு இது. இன்று தரை சமமாகிவிட்டாலும் பெயர் அப்படியே நிற்கிறது. முதல் நாளே இதைப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ‘இடது பக்கம் தள்ளு’ என்று ஒருவர் கத்த, இரண்டு பேர் எதிரெதிராகத் தள்ளுவது விபத்தில் முடியும்.

தரைப்படம்

1:25 அளவில் வரையுங்கள். 10 மீட்டர் மேடை தாளில் 40 சென்டிமீட்டர் வரும். பெரிய அரங்கென்றால் 1:50 போதும். முதலில் இரண்டு கோடு: மேடையை இரண்டாகப் பிரிக்கிற நடுக்கோடு, முன்திரை விழுகிற இடத்தில் குறுக்கே போகிற கோடு. மேடையில் வைக்கப்போகிற ஒவ்வொரு பொருளுக்கும் இந்த இரண்டு கோட்டிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று எழுதிவிட்டால், எந்த ஊரில் எந்த மேடையில் பிரித்து மாட்டினாலும் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தலாம். மேலிருந்து பார்க்கிற படம் மட்டும் போதாது, பக்கவாட்டு வெட்டுப்படமும் வேண்டும். மாடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவரின் கண்ணுக்கு, உயரமான படிமேல் நிற்கிற நடிகரின் தலை தெரிகிறதா, இல்லை மேல்திரை மறைக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

அடுத்தது பார்வைக்கோடு. முதல் வரிசையின் இரண்டு ஓரத்து நாற்காலிகளிலிருந்தும் மேடைக்குள் கோடு இழுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே விழுகிற இடத்தில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது. அதே கோட்டின் வழியாகப் பக்கத்திரைக்குப் பின்னால் காத்திருக்கிற ஆளும் தண்ணீர் பாட்டிலும் தெரிகிறதென்றால், திரையை இன்னும் உள்ளே நகர்த்துங்கள்.

இப்போது அட்டையில் ஒரு சின்ன மாதிரி செய்யுங்கள். அழகெல்லாம் வேண்டாம், வெள்ளை அட்டையே போதும், ஆனால் மனித உருவம் ஒன்று கட்டாயம் உள்ளே நிற்க வேண்டும். 170 சென்டிமீட்டர் ஆள் 1:25 அளவில் 6.8 சென்டிமீட்டர். அந்த உருவத்தை நிறுத்தியதும் நீங்கள் ஆசையாக வரைந்த கோபுரம் ஆளை விழுங்குகிறதா என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். இருட்டறையில் ஒரு டார்ச்சை அடித்துப் பாருங்கள், நிழல் எங்கே விழுகிறது என்பதும் புரியும்.

படம் முடிந்ததும் அதை ஒத்திகை அறையின் தரையில் அசல் அளவில் டேப் ஒட்டி வரைந்துவிடுங்கள், காட்சிக்கு ஒரு நிறம். இதை நான் எந்த நாடகத்திலும் விட்டதில்லை. நடிகர்கள் ஆறு வாரம் அந்தக் கோடுகளுக்குள்ளேயே நடந்து பழகினால், செட் வந்து இறங்குகிற அன்று யாரும் மேசையில் இடித்துக்கொள்ள மாட்டார்கள்.

செட் கட்டும்போது

சுவர் என்றால் பெரும்பாலும் தட்டிதான்: மரச்சட்டத்தின் மேல் துணியோ மெல்லிய ப்ளைவுட்டோ அடித்தது. 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட் எளிதில் கிடைக்கிற அளவு என்பதால் தட்டியையும் அந்த அளவிலேயே செய்தால் வெட்டி வீணாவது குறையும். தட்டி தானாக நிற்காது. பின்னால் சாய்வாக முட்டுக்கொடுத்து, முட்டின் அடியில் எடைக்கல்லோ மணல்மூட்டையோ வைக்க வேண்டும். கதவு இருக்கிற தட்டிக்கு இரண்டு பக்கமும் முட்டு வேண்டும், இல்லையென்றால் கோபத்தில் ஒருவர் கதவைச் சாத்துகிற காட்சியில் சுவர் முழுவதும் ஆடும், அந்த ஒரு நொடியில் அது வீடு இல்லை என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். கதவு மேடைக்கு வெளியே திறக்கட்டும், கீல் மேல்மேடைப் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் கதவைத் திறந்தவுடன் நடிகர் தெரிவார், கதவுப் பலகை அவரை மறைக்காது. திறந்த கதவுக்குப் பின்னால் இன்னொரு தட்டி வைத்து மறைக்கவும் மறக்காதீர்கள்.

படிகளின் உயரம் 15 முதல் 18 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஏறி இறங்கச் சுகம். அதைவிட முக்கியம் எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. ஒரு படி மட்டும் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தாலும் கால் அதைத்தான் தட்டும்.

வண்ணத்தில் புதியவர்கள் செய்கிற தவறு இரண்டு. ஒன்று, சுவரை ஒரே நிறத்தில் சமமாகப் பூசிவிடுவது. விளக்கு வெளிச்சத்தில் அது அட்டை மாதிரித்தான் தெரியும். ஒன்றுக்கொன்று நெருக்கமான இரண்டு மூன்று நிறங்களை ஈரத்திலேயே கலந்து தேய்த்து, மேலே மெல்லிய துளிகளாகத் தெளித்தால் தூரத்திலிருந்து பார்க்க உயிரோடு இருக்கும். இன்னொன்று, தூய வெள்ளை. வெள்ளைச் சுவர் ஒளியை முழுக்க வாங்கித் திருப்பி அடிக்கும், நடிகரின் முகத்தைவிடச் சுவர் பளிச்சென்று நிற்கும். கொஞ்சம் சாம்பலோ மஞ்சளோ கலந்துவிடுங்கள், பார்வையாளர் அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்வார்கள். பெயின்ட் மினுமினுப்பு இல்லாததாக இருக்கட்டும்.

இவ்வளவு ஓவியம் தேவையா என்ற கேள்வி நூறு ஆண்டுக்கு மேல் பழையது. சுவிட்சர்லாந்துக்காரரான அடால்ஃப் அப்பியா (1862–1928), முப்பரிமாணமுள்ள மனிதர் தட்டையான ஓவியத் திரைக்கு முன்னால் நின்றால் இரண்டும் ஒட்டாது என்று சொல்லி, படிகள், மேடைத்தளங்கள், நிழலோடு கூடிய ஒளி இவற்றை வைத்தே மேடையை அமைக்கலாம் என்று வாதாடினார். சின்னக் குழுக்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு உயரத்தில் தளம், நாலு படி, கறுப்புத் திரை, நல்ல கோணத்தில் விளக்கு, இவ்வளவு இருந்தாலே போதும்.

ஒளி

விளக்கின் எண்ணிக்கையைவிடக் கோணம்தான் பேசும். நேர் எதிரிலிருந்து அடித்தால் முகம் தட்டையாகிவிடும், தலைக்கு மேலிருந்து மட்டும் அடித்தால் கண் குழிக்குள் போய்விடும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஒளியமைப்பு கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் ஒரு முறையை வகுத்துக் கொடுத்தார். இன்றும் புதியவர்கள் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். மேடையைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் இடமும் வலமுமாக இரண்டு விளக்கு, இரண்டும் 45 பாகையில் சாய்ந்து, ஒன்று இளஞ்சூடான நிறத்தில், மற்றது குளிர்ந்த நிறத்தில். உங்கள் தரைப்படத்தை இங்கே திரும்ப எடுங்கள். முகத்தின் உயரம் 1.6 மீட்டர், விளக்குக் குழாய் 4.6 மீட்டர் என்றால் வித்தியாசம் 3 மீட்டர். அப்படியானால் படத்தில் அந்தப் பகுதியின் நடுவிலிருந்து மூலைவாக்கில் 3 மீட்டர் தள்ளி விளக்கைத் தொங்கவிட்டால் 45 பாகை கிடைத்துவிடும். ஒரு பகுதி 2.5 முதல் 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் சாதாரண மேடைக்கு ஆறு பகுதி, பன்னிரண்டு விளக்கு. அதற்கு மேல் பின்னாலிருந்து இரண்டு மூன்று விளக்கு கிடைத்தால் நடிகரின் தோளும் தலையும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும்.

பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளின் ஒளி ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி விழ வேண்டும். விளக்கெல்லாம் திருப்பி முடித்ததும் ஒருவரை மேடையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக நடக்கச் சொல்லி, அவர் முகத்தை மட்டும் பாருங்கள். எங்கே முகம் மங்குகிறதோ அங்கே ஓட்டை.

கருவிகளில், ஓரம் மென்மையாகக் கரைகிற ஒளிக்கு ஃப்ரெஸ்னெல், கூர்மையான ஓரத்துக்கும் வடிவத் தகடு போட்டு இலை நிழல், ஜன்னல் நிழல் காட்டுவதற்கும் புரொஃபைல், பலமான ஒளிக்கற்றைக்கு பார் (PAR) விளக்கு, பின்படுதாவைச் சமமாக நனைக்க ஃப்ளட். தூரம் இரட்டிப்பானால் ஒளி கால் பங்காகிவிடும் என்பதை மனதில் வையுங்கள், 5 மீட்டரில் போதுமாக இருந்த விளக்கு 10 மீட்டரில் போதாது. நிறத்தை எப்போதும் உடையோடு சேர்த்துச் சோதியுங்கள். பச்சை ஒளியில் சிவப்புப் புடவை கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும்.

மின்சாரக் கணக்கைத் தவிர்க்கவே முடியாது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 1000 வாட் விளக்கு பன்னிரண்டு, 230 வோல்ட்டில் 52 ஆம்பியர் இழுக்கும், சாதாரண பிளக் பாயின்ட்டில் இது நடக்காது. 150 வாட் எல்இடி விளக்கு பன்னிரண்டு என்றால் சுமார் 8 ஆம்பியர்தான். இணைப்பு கொடுக்கிற வேலையைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். நீட்டிப்பு ஒயரைச் சுருளாக வைத்தபடியே அதிகச் சுமை ஏற்றினால் சுருளுக்குள் சூடு ஏறி உருகும், முழுவதையும் பிரித்துப் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

விளக்குகளை, அவற்றை இயக்குகிற ஒளிப்பலகையோடு பேச வைக்கிற முறைக்குப் பெயர் டிஎம்எக்ஸ். ஒரு வரிசைக்கு 512 சேனல், அதாவது தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய 512 எண்கள். விளக்கு எடுத்துக்கொள்கிற முதல் சேனலின் எண்தான் அதன் முகவரி. நான்கு சேனல் எடுக்கிற விளக்கு முகவரி 1 என்றால் அடுத்தது 5, அதற்கடுத்தது 9. ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி போலத்தான் கேபிள் போக வேண்டும், நடுவில் இரண்டாகக் கிளை பிரிக்கக் கூடாது, ஒரே வரிசையில் 32 கருவிக்கு மேல் வேண்டாம், கடைசிக் கருவியில் 120 ஓம் டெர்மினேட்டர் (வரிசையின் முடிவில் மாட்டுகிற செருகி). மைக் கேபிளை இதற்குப் பயன்படுத்தினால் சில நாள் வேலை செய்யும், காட்சி அன்று விளக்கு தானாகச் சிமிட்டும்.

ஒலி

வசனம் கேட்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. சின்ன அரங்கில் மைக் இல்லாமல் முடியுமா என்று முதலில் பாருங்கள். மைக் வேண்டும் என்றால் ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் பார்த்து. ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போனால்தான் அந்த ஊளைச் சத்தம் வருகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், 34 மீட்டர் பின்னால் இருப்பவருக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகவே கேட்கும். அதனால் அரங்கின் நடுவில் கூடுதல் ஸ்பீக்கர் வைத்தால், அதற்கும் தூரத்துக்கேற்ற தாமதம் மிக்ஸரில் கொடுக்க வேண்டும்.

மேடையில் தொலைபேசி மணி அடித்தால் அந்தச் சத்தம் தொலைபேசி இருக்கிற இடத்திலிருந்து வரட்டும். மேசைக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும். கணினியிலிருந்து ஒலி விடுகிறீர்கள் என்றால் நெட் இணைப்பையும் அறிவிப்புச் சத்தங்களையும் அணைத்துவிடுங்கள்.

யார் ‘கோ’ சொல்வது

காட்சி தொடங்கியபின் இயக்குநருக்கு வேலை இல்லை, மேடை நிர்வாகிதான் எல்லாம். அவரிடம் ஒரு கோப்பு இருக்கும், ஒரு பக்கம் பிரதி, எதிர்ப்பக்கம் குறிப்பு. எந்தச் சொல்லில், எந்த அசைவில் என்ன மாற வேண்டும் என்கிற குறிப்புக்குப் பெயர் கியூ, ஒவ்வொரு கியூவுக்கும் ஒரு எண். ‘லைட் 14, சவுண்டு 6, ஸ்டாண்ட்பை’ (தயாராக இருங்கள்) என்று முன்கூட்டியே சொல்வார், இயக்குபவர்கள் ‘ஸ்டாண்ட்பை’ என்று பதில் சொல்வார்கள், சரியான சொல் வந்ததும் ‘லைட் 14, சவுண்டு 6, கோ’. அந்தக் ‘கோ’ காதில் விழுந்தவுடன் கை அழுத்தும், அதனால் ஹெட்செட்டில் வேறு எதற்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாது. எழுதும்போது கியூவை வசனத்தின் எந்தச் சொல் மேல் என்று கோடிட்டுக் காட்டுங்கள். ‘அவர் கோபப்படும்போது’ என்று எழுதினால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் விழும்.

தொழில்நுட்ப ஒத்திகையில் நாடகத்தை முழுதாக ஓட்டாமல் கியூவிலிருந்து கியூவுக்குத் தாவிக்கொண்டே போவார்கள். இரண்டு மணி நேர நாடகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், நடிகர்களிடம் அன்று நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இருட்டில் செட் மாற்றுகிற இடங்களை முதலில் வெளிச்சத்தில் நான்கு தடவை, பிறகு இருட்டில். பளிச்சென்ற ஒளியிலிருந்து திடீரென்று இருட்டு வந்தால் கண் பழக நேரமாகும், அதனால் படி ஓரங்களிலும் மேடை விளிம்பிலும் இருட்டில் ஒளிரும் டேப் ஒட்டியே ஆக வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்டவை

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்குவா அரங்கில் ஒரு விளக்கின் தீப்பொறி திரைத்துணியைப் பற்றியது. தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கி நின்றது, வெளியேறும் கதவுகள் பல பூட்டியிருந்தன. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அரங்கு திறந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

எனவே அவசர வழிக்கு முன்னால் செட்டையோ காலிப் பெட்டியையோ ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். திரைத்துணிக்குத் தீத்தடுப்புப் பூச்சு வேண்டும், விளக்குக்கும் துணிக்கும் இடையே நல்ல இடைவெளி வேண்டும். மேலே தொங்குகிற ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கியோடு தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி, கொக்கி கழன்றாலும் விளக்கு தொங்கி நிற்க வேண்டும். மேலே ஒருவர் வேலை செய்யும்போது கீழே யாரும் நடக்கக் கூடாது, அவர் கையிலிருக்கிற ஸ்பேனர் கயிற்றால் மணிக்கட்டோடு கட்டியிருக்க வேண்டும். ஆள் இல்லாத மேடையில் ஒற்றை விளக்கை எரியவிட்டுப் போகிற பழக்கம் அரங்குகளில் உண்டு, காலையில் முதலில் வருகிறவர் இருட்டில் மேடை விளிம்பிலிருந்து விழாமல் இருப்பதற்கு. இதில் எதையாவது ‘இன்று ஒரு நாள்தானே’ என்று யாராவது விடச் சொன்னால், நீங்கள் குழுவிலேயே இளையவராக இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள்.

பிரிப்பது

கடைசிக் காட்சி முடிந்த இரவில் எல்லோரும் களைத்திருப்பார்கள், அவசரமும் இருக்கும். அப்போதுதான் கையில் அடிபடும். முதலில் கைப்பொருள்களைப் பட்டியல் பார்த்துப் பெட்டியில் வையுங்கள், அதற்குள் விளக்குகள் ஆறியிருக்கும். பிறகு விளக்கு, கேபிள், அப்புறம் செட்டை மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில். ஒவ்வொரு தட்டியின் பின்னாலும் எண் எழுதிவிடுங்கள். கட்டும்போது அளவில் ஏதாவது மாற்றியிருந்தால் அதைத் தரைப்படத்திலும் சிவப்பு மையில் திருத்தி, அந்தத் தாளைச் செட்டோடு சேர்த்தே கட்டி வையுங்கள். மேடை காலியானதும் கூட்டிவிட்டு, தரையில் ஒட்டிய டேப்பைக் கடைசியாக உரியுங்கள்.